நட்வூட் கரடியும் கீரிப்பிள்ளையும்: ஓர் ஆங்கிலச் சித்திரத்தொடரின் நாட்டார் மூலங்கள்

புலம்பெயர் சூழலில் பிள்ளைகளுக்கு எந்தக் கதைகளைச் சொல்வது என்ற கேள்வி நமது இலக்கியச் சந்திப்புகளில் மட்டுமன்றி, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளின் பெற்றார் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகின்றது. 'எங்களுடைய கதைகளை' ஊட்டாவிட்டால் அடுத்த தலைமுறை வேரற்றுப்போகும் என்பது ஒரு சாராரின் வாதம். பிள்ளைகள் வாழும் மண்ணின் கதைகளை, அதாவது 'அவர்களுடைய கதைகளை', படித்தாற்றான் அவர்கள் இங்கே அந்நியப்படாமல் இருப்பார்கள் என்பது மறு சாராரின் வாதம். இரு சாராரும் பொருதிக்கொண்டாலும் ஒரு விடயத்தில் உடன்பாடு உள்ளவர்கள்: கதைகளை இரண்டு பெட்டிகளில் போட்டுப் பெயர் எழுதிப் பூட்டிவிடலாம் என்பதே அது. அந்தப் பெட்டிகளில் ஒன்றை, அதுவும் ஆங்கிலத்தனம் மிகுந்தது என்று ஆங்கிலேயரே கருதும் ஒன்றை, திறந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிவப்பு மேற்சட்டை, மஞ்சட் கட்டம் போட்ட காற்சட்டை, அதே நிறத்தில் கழுத்துச் சால்வை அணிந்த ஒரு வெள்ளைக் கரடிக்குட்டியைப் பழைய புத்தகக் கடைகளில் வாசகர்கள் கண்டிருப்பார்கள். பெயர் றூபேட். 1920 நவம்பர் 8ஆம் திகதி 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் தோன்றியது. 'டெய்லி மெயில்' 1915இல் ஓர் எலியையும், 'டெய்லி மிரர்' 1919இல் ஒரு நாய், ஒரு பென்குயின், ஒரு முயல் ஆகிய மூவரையும் வைத்துச் சிறுவர் தொடர்களை நடத்தி வாசகரை இழுத்துக்கொண்டிருந்தன. எக்ஸ்பிரசுக்கும் ஒரு மிருகம் தேவைப்பட்டது. இவ்வாறு பத்திரிகை வியாபாரப் போட்டியில் பிறந்த கரடிக்கு 2020இல் நூறு வயதானபோது பிரித்தானியத் தபாற்சேவை முத்திரை வெளியிட்டுக் கொண்டாடியது. 1936 தொடக்கம் ஆண்டுதோறும் நத்தாருக்கு வெளிவரும் றூபேட் ஆண்டுமலர் ஆங்கில வீடுகளில் ஏறக்குறைய ஒரு சடங்குப் பொருள்.

நான் ஊரில் நாட்டார் வழக்காற்றியலும் காப்பியமும் படிப்பித்தவன். இப்போது மேற்கு லண்டனில் உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை. அங்கே இயந்திரம் திருத்தும் வயதான ஆங்கிலேயர் ஒருவர், வீடு மாறும்போது எறிய மனமில்லாமல், தமது பழைய ஆண்டுமலர்கள் சிலவற்றை என்னிடம் தந்தார். தான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே இவற்றில்தான் என்றார். சாப்பாட்டு இடைவேளைகளில் அவற்றைப் படிக்கத் தொடங்கிய எனக்கு, பழைய விரிவுரைக் குறிப்புகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரலாயின.

முதலில் அதன் அமைப்பைச் சொல்லவேண்டும். ஆண்டுமலரின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கதை நான்கு தளங்களில் ஓடும். மேலே பக்கத் தலைப்பு, நடுவில் படங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் எதுகையோடு ஈரடிச் செய்யுள், அதற்கும் கீழே விரிவான உரைநடை. எழுத்தறியாத குழந்தை படத்தைப் பார்க்கும். சற்று வளர்ந்தது செய்யுளை மனனம் செய்யும். வாசிக்கத் தெரிந்தது உரைநடைக்குப் போகும். நித்திரையால் கண் சொருகும் தகப்பன் தலைப்புகளை மட்டும் வாசித்துக் கதையை முடித்துவிடலாம். மூலம், பதவுரை, பொழிப்புரை என்று படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான ஏற்பாடல்ல. ஒரு வித்தியாசம், இங்கே மூலம் எது, உரை எது என்று அறுதியிட்டுச் சொல்லமுடியாது. ஆங்கிலம் தடுமாறும் பெற்றார் பிள்ளையோடு சேர்ந்திருந்து வாசிக்க இதைவிட நல்ல புத்தகத்தை நான் காணவில்லை.

தொடரை உருவாக்கியவர் மேரி ரூர்ட்டெல். 1874இல் கன்ரபரியில் பிறந்தவர். அந்நகரின் பேராலயத்துக் கண்ணாடி ஓவியங்களைப் பேணித் திருத்தும் குடும்பம் அவருடையது. மத்தியகால வீரர்களையும் அரக்கரையும் புனிதரையும் அவர் புத்தகத்தில் அல்ல, வெயில் ஊடுருவும் சாளரங்களிற் பார்த்து வளர்ந்தார் எனலாம். கணவர் எக்ஸ்பிரசில் ஆசிரியர் குழுவில் இருந்தவர். படங்களுக்குச் செய்யுள் எழுதியவரும் அவரே. ரூர்ட்டெலின் கதைகளில் சூனியக்காரிகள், மனிதரைத் தின்னும் இராட்சதர்கள், கோட்டையில் அடைபட்ட இளவரசிகள், கருங்கவச வீரர்கள் எல்லோரும் வருவார்கள். ஜேர்மனியக் கிறிம் சகோதரர்களும் பிரெஞ்சுக்காரரான பெரோவும் தொகுத்த கதைகளின் சரக்கு இது. 'ஆங்கிலக் கரடி' நடமாடத் தொடங்கிய காடு ஜேர்மனியக் காடு என்பதை மனங்கொள்ளவேண்டும்.

கண்பார்வை குன்றியதால் 1935இல் ரூர்ட்டெல் ஒதுங்க, அல்பிரெட் பெஸ்ரோல் என்பவர் பொறுப்பேற்றார். அடுத்த முப்பது ஆண்டுகள் அவரே வரைந்தார், எழுதினார். றூபேட் என்று இன்று எல்லோரும் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் பெஸ்ரோலின் றூபேட்டைத்தான். பொறுப்பேற்கும்போது பத்திரிகை அவருக்கு விதித்த நிபந்தனை சுவாரசியமானது: தீய பாத்திரங்கள் கூடாது, தேவதைகள் கூடாது, மந்திரம் கூடாது.

நாட்டார் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்த நிபந்தனையின் கனதி விளங்கும். ரஷ்ய அறிஞர் புறொப் 1928இல் வெளியிட்ட நூலில் மாயக்கதைகளின் செயற்கூறுகள் முப்பத்தொன்று எனப் பகுத்தார். அவற்றிற் கதையை உந்தித் தள்ளுவது வில்லன் செய்யும் தீங்கு. அவன் இளவரசியைத் தூக்குகிறான், பயிரை அழிக்கிறான், அதன்பின்னரே நாயகன் புறப்படுகிறான். வில்லனை நீக்கினால் நாயகன் வீட்டிலேயே இருந்துவிடவேண்டியதுதான். ஆனால் புறொப் ஒரு மாற்று வழியையும் காட்டியிருந்தார். தீங்குக்குப் பதிலாக ஒரு 'குறை' இருந்தாலும் கதை நகரும். ஏதோ ஒன்று இல்லை, தொலைந்துவிட்டது, தேடவேண்டும். பெஸ்ரோல் புறொப்பைப் படித்திருக்க வழியில்லை. அந்நூல் 1958இற்றான் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆயினும் அவருடைய கதைகள் அநேகமாக இந்த இரண்டாவது வழியிலேயே நடக்கின்றன. காலம் தவறி வெயில் எறிக்கிறது, ஏன்? புல்வெளியில் இனந்தெரியாத பொருளொன்று கிடக்கிறது, யாருடையது? நண்பன் ஒருவனைக் காணவில்லை, எங்கே? தீயவர் இல்லாமல், குழப்பம் மட்டும் உள்ள உலகம்.

தேவதைகளுக்கு வாசற்கதவு அடைக்கப்பட்டதால் நாட்டார் நம்பிக்கைகள் வேலியால் நுழைந்தன. முதலில் நுழைந்தவை பருவகாலங்கள். உறைபனியை மனித உருவாக்கி ஜாக் புறொஸ்ட் என்று ஆங்கிலேயர் அழைப்பது வழக்கம். அவன் கதைகளில் வருகிறான். 'வானிலைக் கிளாக்கர்' என்பது மழை பிழைக்கும்போது ஆங்கிலேயர் பகிடியாகத் திட்டும் ஒரு கற்பனை உத்தியோகத்தர். பெஸ்ரோல் அவருக்கு முகிலுக்கு மேல் ஒரு கந்தோரையே கட்டிக்கொடுத்துவிட்டார். பறவைகளின் அரசன் வான்மாளிகையிற் சபை கூட்டுகிறான். கிரேக்கரின் அரிஸ்ரோபனீசும், பாரசீகக் கவி அத்தாரும், ஆங்கிலக் கவி சோசரும் தத்தம் வழியிற் கூட்டிய அதே பறவைச் சபைதான்.

இவற்றில் என்னை அதிகம் கவர்ந்தவர்கள் 'வசந்தத்தின் குறளிகள்'. நிலத்துக்கடியில் வாழும் இச்சிறு உருவங்கள் குளிர்காலம் முடியும் தறுவாயில் வேர்களையும் கிழங்குகளையும் எழுப்பிவிடுவதற்காக ஓடியோடி வேலை செய்பவை. நிலத்தடியில் உழைக்கும் சிற்றுருவங்கள் ஐரோப்பிய நாட்டார் வழக்கிற் பழையவை. கோர்ண்வோல் தகரச் சுரங்கத் தொழிலாளர் சுவருக்கப்பால் தட்டும் ஓசை கேட்டால் குறளிகள் வேலை செய்கின்றன என்பார்கள். இரவோடிரவாகச் சப்பாத்துத் தைத்து வைத்துவிட்டு விடியுமுன் மறைந்துபோகும் குள்ளரைக் கிறிம் சகோதரர்களிடம் காணலாம். நட்வூட் கிராமத்தின் பூக்கள் தாமாகப் பூப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இரவு வேலையாட்களால் அவை தயாரிக்கப்படுகின்றன. காலையில் லண்டன் கடைத்தட்டுகளில் முக்கோணப் பெட்டிகளுக்குள் அடுக்கியிருக்கும் சான்ட்விச்சுகளை யார் எப்போது செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. குறளிகளின் தொழிற்சங்கம் பற்றிப் பெஸ்ரோல் ஏதும் எழுதவில்லை. நட்வூட்டில் ஒரு வயோதிபப் பேராசிரியரும் உண்டு. அவருக்கு ஒரு கோபுரமும் ஆய்வுகூடமும் பணிசெய்யக் குள்ளன் ஒருவனும் இருக்கிறார்கள். எனக்கு ஒரு கொன்வேயர் பெல்ற் உண்டு.

அடுத்தது மொழி. நட்வூட்டில் நடமாடும் வெருளியொன்றின் பெயர் ஒட்மெடொட். இது பெஸ்ரோல் புனைந்த சொல்லல்ல. ஆங்கிலக் கிராமப்புறங்களில் வெருளிக்கும் நத்தைக்கும் வழங்கிய 'ஹொட்மெடொட்' என்ற வட்டாரச் சொல். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சொல்லொன்று சிறுவர் படக்கதையின் பாத்திரப் பெயராகித் தப்பிப் பிழைத்தது. 'வெருளி' என்ற நமது சொல்லை இங்கு வளரும் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? வயலே காணாதவர்களுக்கு வெருளி எதற்கு என்று கேட்கலாம். லண்டன் பிள்ளைக்கும் வயல் கிடையாது. ஆயினும் ஒட்மெடொட்டைத் தெரியும். சித்திரத்தொடர் என்ற வடிவம் வட்டாரப் பேச்சைக் காப்பாற்றக் கூடியது என்பதை நாமும் ஒருகாலத்தில் அறிந்திருந்தோம். 'தினகரனில்' சுந்தர் வரைந்த 'சவாரித் தம்பர்' யாழ்ப்பாணத்துப் பேச்சின் ருசியைக் கோடுகளோடு சேர்த்துத் தந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிறகு அவரே 'சிரித்திரன்' நடத்தினார். அவர் 1996இற் காலமானார். புலம்பெயர்ந்த நாம் கட்டுரையும் கவிதையும் எழுதிக் குவித்த அளவுக்குப் பிள்ளைகளுக்கென்று ஒரு தம்பரை வரையவில்லை என்ற குறை எனக்குண்டு.

இனிக் கசப்பான பக்கத்துக்கு வருவோம். மந்திரம் கூடாது என்ற தடை மந்திரத்தை ஒழிக்கவில்லை. இடம்பெயர்த்தது. நட்வூட்டின் உள்ளூர்க் கரடிகளும் பன்றிகளும் மந்திரம் செய்வதில்லை. மந்திரம் செய்பவர் ரைகர் லில்லி என்ற சிறுமியின் தகப்பனான சீன வித்தைக்காரர். பறக்கும் நாகம் வளர்ப்பவன் பொங் பிங் என்ற பீக்கிங் நாய். பறக்கும் குடையில் வரும் ஞானி தொலைதீவொன்றைச் சேர்ந்தவர். ஊரவருக்கு அறிவு, அந்நியருக்கு மாயம் என்ற இந்தப் பங்கீடு எட்வேட் சயீத் 1978இல் விளக்கிய கீழைத்தேயவாதத்தின் பாலர் பாடம். மாயம் உள்ள அந்நியர் மதிக்கப்படவாவது செய்கிறார். கறுப்பினத்தவர் கதி அதுவுமில்லை. அவர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லையே பெயராகக் கொண்ட தீவொன்று பழைய கதைகளில் உண்டு. அதன் மனிதர்கள் வரையப்பட்ட விதமும் பெயருக்கேற்றதே. பிற்காலத்தவர் அவற்றை ஓசைப்படாமல் விலக்கிக்கொண்டார்கள். பெஸ்ரோல் தனிப்பட்ட முறையில் இரக்கமும் பக்தியும் உள்ளவர் என்றே அறியப்படுகிறார். அவர் 1892இற் பிறந்தது பர்மாவின் மண்டலேயில், மெதடிஸ்த மிசனரி ஒருவரின் மகனாக. முதலாம் உலகப் போரில் பிளாண்டர்ஸ் போர்முனைக்குப் படையினரை ஏற்றிச்சென்ற லண்டன் பஸ்களை ஓட்டினார். ஒரு நல்ல மனிதர் ஒரு சாம்ராச்சியத்தின் கண்களால் பார்க்கமுடியும் என்பதற்கு அவர் உதாரணம். அவரைத் தூக்கி எறிவதால் அந்தப் பார்வையை நாம் விளங்கிக்கொண்டவர்கள் ஆகமாட்டோம்.

நிறத்தைப்பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. றூபேட் ஆதியில் மண்ணிறக் கரடி. பத்திரிகையில் அச்சு மையை மிச்சம்பிடிக்க முகத்தை வெறுமையாக விட்டார்கள். நாளடைவில் அவன் வெள்ளையன் ஆனான். ஆண்டுமலரின் அட்டையில் மட்டும் பெஸ்ரோல் விடாப்பிடியாக மண்ணிற முகத்தையே தீட்டிவந்தார். 1973ஆம் ஆண்டு மலரின் அட்டையில் அவரைக் கேளாமலே முகத்தை வெள்ளையாக மாற்றி அச்சிட்டார்கள். அதன்பிறகு அவர் அட்டைப்படம் வரையவேயில்லை. மாற்றுவதற்கு முன் அச்சான மண்ணிறப் பிரதிகள் மிகச் சிலவே உள்ளன. சேகரிப்போர் அவற்றுக்குப் பெருந்தொகை கொடுக்கிறார்கள். மண்ணிறத்துக்கு இந்நாட்டில் இவ்வளவு விலை வேறெங்கும் கிடைத்ததாக நான் அறியேன்.

இந்தக் கரடி ஆங்கில மனதில் எவ்வளவு புனிதமானது என்பதை 1971இல் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் காட்டியது. 'ஓஸ்' என்ற மாற்றுச் சஞ்சிகை பள்ளி மாணவரைக் கொண்டு தயாரித்த ஓர் இதழில், பதினைந்து வயது மாணவனொருவன் அமெரிக்க ஆபாசச் சித்திரமொன்றில் றூபேட்டின் தலையை ஒட்டியிருந்தான். பிரித்தானிய வரலாற்றின் மிக நீண்ட ஆபாச வழக்காக அது நடந்தது. ஆசிரியர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது. அதே சித்திரத்தில் வேறொரு தலை இருந்திருந்தால் இத்தனை கோபம் எழுந்திராது என்றே நினைக்கிறேன்.

இக்கரடியின் கதைகளில் மிகவும் ஆங்கிலத்தனமானது எது என்று கேட்டால், மந்திரமோ பருவமோ அல்ல, பிரயாணம் என்பேன். றூபேட் வடதுருவம் போகிறான், சீனம் போகிறான், கடலடி போகிறான், முகிலுக்கு மேலே போகிறான். எந்த எல்லையிலும் அவனிடம் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. எந்த அரசனும் அவனை 'ஏன் வந்தாய்' என்று விசாரித்து முப்பது பக்கப் பத்திரம் நிரப்பச் சொல்வதில்லை. விருந்து கொடுத்து, வாகனமும் கொடுத்து அனுப்புகிறார்கள். கடைசிப் படத்தில் அவன் அம்மாவிடம் வந்து தேநீருக்கு உட்கார்ந்துவிடுகிறான். இதை வெளியிட்ட பத்திரிகையின் முதற்பக்கம் எப்படி இருந்தது? 2000களின் ஆரம்பத்தில் தஞ்சம் கோருவோருக்கு எதிராக அது நாள் தவறாமல் எழுதிய தலைப்புகளை நம்மில் அந்நாட்களில் இங்கிருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2004இல், நாடோடி இனமான றோமா மக்கள் பற்றிய செய்திகளின் தொனி குறித்து அப்பத்திரிகையின் சொந்த ஊழியர்களே பத்திரிகை முறைப்பாட்டுக் குழுவுக்கு எழுதினார்கள். முதற்பக்கத்தில் வருபவனைத் தடு, உட்பக்கத்தில் போகிறவனை வரவேற்கச் சொல். இரண்டு பக்கங்களையும் ஒன்றாக வைத்து வாசித்தால்தான் நட்வூட் எங்கே இருக்கிறது என்று விளங்கும்.

நிலப்படத்தில் அது எங்கே என்றும் கேட்கலாம். நட்வூட்டின் மலைகளையும் ஓடைகளையும் பெஸ்ரோல் வடவேல்சின் சிநோடோனியா மலைநாட்டைப் பார்த்து வரைந்தார் என்பது பலரும் ஒப்புக்கொண்டது. இளமைமுதல் அவருக்கு அப்பகுதி பழக்கம். 1956இல் அங்கே பெத்கெலேர்ட் என்ற கிராமத்தில் ஒரு சிறிய வீடும் வாங்கினார். இந்தக் கிராமத்தின் பெயரைக் கண்டதும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்களுக்கு அது தெரிந்த பெயர்.

பெத்கெலேர்ட் என்றால் கெலேர்ட்டின் கல்லறை. வேல்ஸ் இளவரசன் லவெலின் வேட்டைக்குப் போய்த் திரும்புகிறான். வாயெல்லாம் இரத்தத்தோடு அவனுடைய வேட்டைநாய் கெலேர்ட் ஓடிவந்து வாலாட்டுகிறது. உள்ளே தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. பிள்ளையை நாய் கொன்றுவிட்டது என்று வாளை உருவி அதைக் குத்துகிறான். நாயின் மரண ஓலத்துக்குப் பதிலாகப் பிள்ளையின் அழுகுரல் கேட்கிறது. தொட்டிலின் கீழ்ப் பிள்ளை பத்திரமாக இருக்கிறது. பக்கத்தில் நாய் கொன்ற ஓநாய். அந்த நாயின் சமாதி என்று ஊரில் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். உல்லாசப் பிரயாணிகள் பூ வைத்து அழுதுவிட்டுப் போகிறார்கள்.

இந்தச் சமாதியின் வயது அதிகமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளூர் விடுதிக்காரர் ஒருவர், வருவோர் தொகையைக் கூட்டுவதற்காகக் கற்களை நிறுத்தினார் என்றே சொல்லப்படுகிறது. ஊரின் பெயர் அநேகமாகப் பழைய துறவி ஒருவருடையது. ஆனால் கதையின் வயது அதிகம். யோசேப் யேக்கப்ஸ் என்ற அறிஞர் 1892இல் வெளியிட்ட கெல்ற்றியக் கதைத் தொகுப்பிலேயே இதன் மூலம் இந்தியா என்று காட்டினார். பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் வருகிற பிராமணத்தியும் கீரியும் கதைதான் இது. பிள்ளையைக் கீரியிடம் விட்டுவிட்டுத் தாய் தண்ணீருக்குப் போகிறாள். பாம்பு வருகிறது. கீரி அதைக் கொன்று இரத்த வாயோடு தாயை எதிர்கொள்கிறது. அவள் குடத்தைப் போட்டுக் கொல்கிறாள்.

அந்தக் கதை நடந்து வந்த வழியைப் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டில் வடமொழியிலிருந்து பாரசீகத்தின் பழைய மொழியான பஹ்லவிக்கு, எட்டாம் நூற்றாண்டில் அரபுக்கு, பிறகு 'ஏழு ஞானிகள்' என்ற கதைக்கோவையின் ஊடாக ஐரோப்பிய மொழிகளுக்கு. வழியிற் கீரி நாயானது, பாம்பு சில இடங்களில் ஓநாயானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் பகுதிக் கிராமத்தவர் அந்த நாயைக் கினிபோர் என்ற புனிதராகவே வழிபட்டு, நோயுற்ற பிள்ளைகளை அதன் சமாதிக்குக் கொண்டுபோனார்கள். எதியேன் த பூர்போன் என்ற திருச்சபை விசாரணையாளர் நாயின் எலும்பைத் தோண்டி எரிக்கச் செய்தார். வழிபாடு அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள் நடந்தது. அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாவது நம் கிராமங்களில் மட்டும் நடப்பதல்ல. விடயம் என்னவெனில், கதை எந்த ஊரில் இறங்கியதோ அந்த ஊரின் பெயரையும் மிருகத்தையும் எடுத்துக்கொண்டு, கடைசியில் வேல்சில் ஒரு கல்லறைக் காணியும் வாங்கிவிட்டது. இன்று அதைப்போல் வேல்சுக்கேயுரிய கதை வேறில்லை.

இதே கதை தமிழிலும் இறங்கியது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கோவலனின் பழைய நற்செயல்களை மாடலன் எடுத்துச் சொல்லும் இடம். இளங்கோ கதையைச் சொல்வதில்லை. கீரி இறந்தது என்பதை ஓரிரு சொற்களிற் கடந்துவிட்டு, வேறெவரும் கேளாததைக் கேட்கிறார்: அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது? கணவன் அவள் கையால் உண்ணமாட்டேன் என்று வடதிசை நோக்கிப் போய்விடுகிறான். போகுமுன் வடமொழியில் எழுதிய ஓலையொன்றை அவள் கையிற் கொடுத்து, கடனறிந்த மாந்தரிடம் காட்டச் சொல்கிறான். தன்னால் வாசிக்கமுடியாத கடிதம் ஒன்றை ஏந்தியபடி அவள் புகாரின் வணிகர் வீதிகளிற் கூவித் திரிகிறாள். கோவலன் அழைத்து, ஓலையை வாங்கி வாசித்து, பாவம் தீரத் தானம் செய்வித்து, போனவனையும் தேடி அழைத்துவந்து, வாழப் பொருளும் கொடுக்கிறான். விளங்காத மொழியிற் கடிதத்தை ஏந்திக்கொண்டு கந்தோர் கந்தோராக அலையும் பெண்களுக்கு வாசித்துச் சொல்லும் வேலையை லண்டனில் நம்மிற் பலர் செய்திருக்கிறோம். ஊரில் இப்பகுதியை ஆண்டுதோறும் படிப்பித்தபோது நான் அதை அறச்செயற் பட்டியலின் ஓர் உறுப்பாகவே விளக்கிவந்தேன். இங்கே வந்தபின்பு அந்த ஓலையின் பாரம் வேறாகத் தெரிகிறது.

என்னிடமுள்ள ஆண்டுமலர்களில் கெலேர்ட்டின் கதை இல்லை. பெஸ்ரோலின் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேதான் சமாதி இருக்கிறது. ஆயினும் அந்தக் கதை நட்வூட்டுக்குள் வரமுடியாது. வில்லன் கூடாது, மந்திரம் கூடாது, தேவதை கூடாது என்ற மூன்று நிபந்தனைகளையும் அது பூர்த்திசெய்கிறது. கொன்றவள் தீயவள் அல்ல, அன்பினாலேதான் கொன்றாள். மந்திரமும் இல்லை. இருந்தும் அது தேநீர் வேளைக்குள் சரிசெய்யமுடியாத கதை. நட்வூட்டின் எழுதப்படாத நான்காவது நிபந்தனை அதுதான்: மீளமுடியாதது எதுவும் நடக்கக்கூடாது. தொலைந்தவர் எல்லோரும் திரும்பி வரவேண்டும்.

ஆகவே, 'எங்கள் கதை, அவர்கள் கதை' என்று பிரிப்பதிலும் பார்க்க, எல்லாம் திரும்பிவரும் கதைகள், திரும்பிவராதவை உள்ள கதைகள் என்று பிரிப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. நம்மிற் சிலர் பிள்ளைகளுக்கென்று தயாரிக்கும் தமிழ்க் கதைப்புத்தகங்களும் முதலாவது வகையைத்தான் சேர்ந்தவை. பனைமரமும் மாட்டுவண்டியும் வரையப்பட்ட நட்வூட்டுகள். இது பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்று நான் வாதாட வரவில்லை. நித்திரைக்குப் போகும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தொலைந்தவர் திரும்பிவருவது அவசியம். ஆனால் நம் வீடுகளில் சுவரிற் தொங்கும் படங்களைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, எல்லோரும் திரும்புவதில்லை என்பது நாம் சொல்லுமுன்னரே தெரியும். அதற்கும் ஒரு கதை அவர்கள் கையில் இருக்கவேண்டும்.

நான் படிப்பிக்கும் சனிக்கிழமை வகுப்பில், பதினொரு பன்னிரண்டு வயதுக்காரருக்கு, இரண்டு கதைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிப் பார்த்தேன். முதலில் றூபேட் கதை ஒன்று. பிறகு கீரி, கெலேர்ட், கோவலன் வாசித்த ஓலை. பெரும்பாலானோர் நாய்க்காகக் கவலைப்பட்டார்கள். ஒரு பையன் இளவரசன் முதலில் தொட்டிலை நிமிர்த்திப் பார்த்திருக்கவேண்டும் என்று புத்தி சொன்னான். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "சேர், அந்தத் தொட்டில் பிள்ளை வளந்தாப்பிறகு, நடந்ததை அதுக்கு ஆர் சொன்னது?"

பஞ்சதந்திரத்தில் அதற்குப் பதில் இல்லை. வேல்சுக் கதையிலும் இல்லை. ஓலை கொண்டு திரிந்த பெண்ணைக் கவனித்த இளங்கோவும் பிள்ளையை விட்டுவிட்டார். அப்படியே அவளிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமைக்கு அதை அவளையே எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். தமிழில் எழுதவேண்டுமா, ஆங்கிலத்தில் எழுதலாமா என்று கேட்டாள். எதில் எழுத வருகிறதோ அதில் எழுது என்றேன்.